கங்கா தலாவ் பாதயாத்திரை: வழியில் குடிதண்ணீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகா சிவராத்திரி நெருங்கிவிட்டால் என் போனுக்கு வரும் கேள்விகளில் பாதி தண்ணீரைப் பற்றித்தான். நான் காரைக்குடிப் பக்கத்துக்காரன். வேலைக்காக மொரீஷியஸ் வந்தவன், தீவின் வடக்கே த்ரியோலே என்ற ஊரில் குடியிருக்கிறேன். ஊரில் இருந்தவரை தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்த கால் சும்மா இருக்குமா? இங்கே வந்தபின் நாலு முறை கங்கா தலாவுக்கு நடந்திருக்கிறேன். அதில் ஒரு முறை தண்ணீர் விஷயத்தில் முட்டாள்தனம் செய்து அவதிப்பட்டேன். இங்கே புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும், முதல் தடவையாக நடக்க நினைக்கும் உள்ளூர்த் தமிழ்க் குடும்பங்களும் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது என்ன யாத்திரை? எவ்வளவு தூரம்?

தீவின் தெற்கே, சவான் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்குச் சுமார் 550 மீட்டர் உயரத்தில் எரிமலை வாயில் தேங்கிய ஏரி ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுப் பெயர் க்ரான் பஸேன். 1898-இல் த்ரியோலேவிலிருந்து ஒரு சிறு கூட்டம் சிவராத்திரிக்காக அங்கே நடந்து போனதுதான் தொடக்கம். 1972-இல் கங்கை நீரைக் கொண்டுவந்து ஏரியில் கலந்தார்கள். அதிலிருந்து கங்கா தலாவ் என்ற பெயர் நிலைத்தது. இன்று சில லட்சம் பேர் போகிறார்கள். கரையில் 33 மீட்டர் உயரச் சிவன் நிற்பதை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள்.

த்ரியோலேவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடப்பவர்கள் உண்டு. எங்களைப் போன்றவர்கள் வழியில் ஒரு இரவோ இரண்டு இரவோ தங்கிப் போவோம்.

இது வடநாட்டு வம்சாவளிக்காரர்கள் போவதுதானே? தமிழர் போகலாமா?

தாராளமாக. நம்மவர்களுக்கு இங்கே தைப்பூசக் காவடிதான் பெரிய விழா, அதற்குக் கோர் த கார்ட் மலை முருகன் இருக்கிறார். ஆனால் சிவராத்திரிக்குத் தோளில் காவர் என்ற அலங்கரித்த மூங்கில் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும் கூட்டத்தில் தமிழ்க் குடும்பங்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். காவர் என்பதும் நம் காவடிக்கு உறவுதானே. யாரும் யாரையும் கேட்பதில்லை.

வழியெல்லாம் பந்தல் போட்டுத் தண்ணீரும் சாப்பாடும் கொடுக்கிறார்களே, பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்?

கொடுக்கிறார்கள், உண்மைதான். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலையும் அன்னதானத்தையும் சேர்த்துப் போட்டால் எப்படியோ அப்படி. தண்ணீர், ஜூஸ், தேநீர், பழம், பூரி என்று கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பார்கள். சில இடங்களில் வேண்டாம் என்று சொல்லித் தப்பிப்பதே பெரும்பாடு.

ஆனால் அந்தப் பந்தல்களுக்கு நாளும் உண்டு, நேரமும் உண்டு, இடமும் உண்டு. கூட்டம் பெருகும் நாட்களில்தான் பெரும்பாலானவை திறந்திருக்கும். கூட்டத்துக்குப் பயந்து நாலைந்து நாள் முன்னாலேயே கிளம்புகிறவர்களுக்குப் பாதிப் பந்தல் வெறும் மூங்கிலும் தார்ப்பாயுமாகத்தான் நிற்கும். நள்ளிரவுக்குப் பின் சில பந்தல்களில் ஆள் தூங்கிவிடுவார்கள். கடைசியாக, ஊர் இருக்கும் இடங்களில் பந்தல் அடுத்தடுத்து வரும். ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இடைவெளி விழும்.

வடக்கிலிருந்து வருபவர்களுக்கு அந்த இடைவெளி லா மாரிக்குப் பிறகு. போர்ட் லூயிஸ், பீனிக்ஸ், வாக்வா வரை கடைக்கும் வீட்டுக்கும் பஞ்சமில்லை. லா மாரியில் வீடுகள் குறைந்து, மார் ஓ வாக்வா நீர்த்தேக்கத்தை ஒட்டி, காட்டுக்குள் பெத்ரேன் வரை போகும் பாதை எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. தீவிலேயே பெரிய நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் நடந்துகொண்டு, கையில் குடிக்க ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் போனதுதான் என் இரண்டாவது வருஷக் கதை.

என்ன நடந்தது?

லா மாரியைத் தாண்டும்போது இரவு ஒன்றரை மணி. மேட்டு நிலத்துக் குளிரும் சாரலும். பாட்டிலில் பாதி இருந்தது, தாகமே இல்லை. பந்தலில் நிரப்பித் தரவா என்று ஒரு பையன் கேட்டான். சுமை ஏன் என்று வேண்டாமென்றேன். மழைக்கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டுவதை நான் மழை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பெத்ரேன் வருவதற்குள் பாட்டில் காலி, தலைவலி, இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த குடும்பம் ஒன்று தண்ணீரும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் கொடுத்தது. சுற்றிலும் மழை, வேட்டியெல்லாம் ஈரம், நாக்கு மட்டும் உலர்ந்து கிடந்தது.

குளிரில் தாகம் தெரியாது. வெயிலில் நாக்கு சொல்லிவிடும். குளிரில் அது சும்மா இருக்கும். மேட்டில் ஏறியபின் தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். இருபது நிமிஷத்துக்கு நாலைந்து மிடறு.

எத்தனை லிட்டர் சுமக்க வேண்டும்?

நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர், உச்சி வெயிலில் முக்கால் லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. காவர் தூக்குபவருக்கு அது பெரிய விஷயம்.

ஊர்கள் வழியாகப் போகும்போது ஆளுக்கு ஒரு லிட்டர் போதும், காலியாகும்முன் நிரப்பிக்கொண்டே போங்கள். லா மாரியில் மட்டும் இரண்டு லிட்டராக ஆக்கிக்கொள்ளுங்கள். தெற்கே புவா ஷெரி தேயிலைத் தோட்டப் பக்கமாக வருகிறவர்களும் கடைசி ஊரில் அதையே செய்யலாம். இரவு தங்கும் இடத்தில் சமைப்பது, பல் துலக்குவது, காலைத் தேநீர் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு இன்னும் இரண்டு லிட்டர் வேண்டும். அதை நாள் முழுக்கச் சுமக்கத் தேவையில்லை. தங்கும் இடத்துக்கு முந்தைய கடையிலோ வீட்டிலோ பிடித்துக்கொள்ளலாம். இதற்கென்று மடித்து வைக்கும் தண்ணீர்ப் பை ஒன்று வாங்கினேன், காலியாக இருந்தால் பையில் இருப்பதே தெரியாது.

பாட்டில் வாய் அகலமாக இருக்கட்டும். பந்தலில் ட்ரம்மிலிருந்து ஊற்றும்போது குறுகிய வாய் என்றால் பாதி ரோட்டில்தான் விழும்.

வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்கலாமா? தப்பாக நினைப்பார்களோ?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். கேளுங்கள். நான் பில்டர், மாத்திரை, எல்லாம் சுமந்து பார்த்தவன். இந்தத் தீவில் அவற்றையெல்லாம்விட அதிகம் உதவியது காலி பாட்டிலைக் கையில் தெரியும்படி பிடித்துக்கொண்டு ஒரு வீட்டு கேட்டில் நின்றதுதான்.

இந்தத் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் தண்ணீருக்கு திலோ. "எஸ்கி மோ காப்பாவ் ராம்ப்லி மோ புத்தேய், சில்வுப்ளே?" என்றால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாமா என்று அர்த்தம். "கோத் எனா ரொபினே?" என்றால் குழாய் எங்கே என்று. உச்சரிப்பு மோசமாக இருந்தாலும் பாட்டில் மிச்சத்தைச் சொல்லிவிடும். நாய் இருக்கும், கேட்டைத் தாண்டி உள்ளே போகாதீர்கள். குரல் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

வாக்வா தாண்டி ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பாட்டி ஒருவர், எழுபதுக்கு மேல். என் க்ரியோலைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினார். நான் கூட வந்தவனிடம், "தண்ணி கேட்கிறேன்னு புரியலை போல" என்றேன். "தண்ணி!" என்றார் பாட்டி சட்டென்று. "தண்ணி, தண்ணி" என்று இன்னும் இரண்டு தடவை. அவருக்குத் தெரிந்த தமிழில் அது ஒரு சொல், கோயில் பாட்டு வரிகள் சில, அவ்வளவுதான் என்று பிறகு க்ரியோலில் சொன்னார். அவருடைய ஆயா சொன்ன சொல்லாம். ரப்பர் குழாயை எடுத்து, வெயிலில் சூடாகிக் கிடந்த முதல் தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு விட்டார். கையை நீட்டிப் பார்த்து, குளிர்ந்ததும்தான் என் பாட்டிலில் பிடித்தார். நானாக இருந்திருந்தால் அந்தச் சூட்டுத் தண்ணீரையே பிடித்திருப்பேன்.

ஐரோப்பாவில் சாந்தியாகோ பாதயாத்திரை போகிறவர்கள் கல்லறைத் தோட்டத்துக் குழாயைத் தேடுவார்கள், பூச்செடிக்கு நீர் விட அங்கே குழாய் இருக்கும் என்று. நமக்குக் கல்லறைவரை போக வேண்டியதில்லை. கோயில், பைட்கா என்னும் கிராமத்துச் சமூகக்கூடம், கடை, வீடு என்று இத்தனை இருக்கின்றன.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

மத்திய நீர் ஆணையம் சுத்திகரித்துக் குளோரின் போட்டு அனுப்பும் தண்ணீர்தான் வீடுகளுக்கு வருகிறது. சாதாரண நாளில் நானும் அதைத்தான் குடிக்கிறேன். ஆனால் இரண்டு விஷயம்.

முதலாவது, மொட்டைமாடித் தொட்டி. தண்ணீர் நேரம் வைத்து வரும் காலம் உண்டு என்பதால் இங்கே பல வீடுகளில் மாடியில் தொட்டி இருக்கும். அதில் தங்கிய தண்ணீரில் குளோரின் போய்விடும். மூடி சரியில்லை என்றால் பல்லியும் இருக்கும். முற்றத்தில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தால் அது பெரும்பாலும் மெயின் லைனிலிருந்து நேராக வருவது. அதில் பிடியுங்கள். சமையலறைக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

இரண்டாவது, பெருமழை. சிவராத்திரி வரும் பிப்ரவரி, மார்ச் இங்கே புயல் காலம். பெருமழைக்குப் பின் ஆறும் நீர்த்தேக்கமும் கலங்கும், குழாயிலும் பழுப்பாக வரும். அப்போது கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். "ஓ நோன் பொத்தாப்ல்" என்று பிரெஞ்சில் எழுதியிருந்தால் குடிக்க ஆகாத தண்ணீர் என்று பொருள். தோட்டக் குழாய்களில் இதைப் பார்க்கலாம்.

மலை ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே?

கண்ணாடி மாதிரிதான் இருக்கும். எரிமலைப் பாறைமேல் ஓடும் தண்ணீர், மண் கலக்காது. அதனால்தான் ஏமாறுகிறோம். நம் ஊர் ஊருணியில் பாசி படிந்திருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். இங்கே எலிச் சிறுநீர் கலந்ததும் தெளிவாகவே இருக்கும்.

தாழ்ந்த பகுதிகளில் ஓடைக்கு மேலே எங்கோ கரும்புத் தோட்டம் இருக்கும். உரமும் களைக்கொல்லியும் மழையோடு இறங்கும். இவற்றைக் கொதிக்க வைத்தாலும் போக்க முடியாது, மாத்திரையும் உதவாது. ஆக கரும்புக் காட்டு வாய்க்காலை மறந்துவிடுங்கள். மேட்டுக் காட்டில் மான், பன்றி, குரங்கு, எலி எல்லாம் அதே ஓடைக்குத்தான் வரும்.

எலிக்காய்ச்சலை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். லெப்டோஸ்பைரோசிஸ். இந்தியப் பெருங்கடல் தீவுகளில் தெரிந்த நோய்தான். எலி முதலான விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து வருவது. குடித்தால் மட்டும் என்று நினைக்காதீர்கள், தோலில் உள்ள காயம் வழியாகவும் உடலுக்குள் போகும். இரண்டு நாள் நடந்த காலில் கொப்புளம் உடைந்திருக்காதா? அந்தக் காலோடு சேற்றுக் குட்டையில் இறங்கி, "ஆஹா சில்லென்று இருக்கிறது" என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பி ஓரிரு வாரத்தில் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் யாத்திரை போனதையும் ஈரத்தில் நின்றதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மார் ஓ வாக்வா நீர்த்தேக்கத்தில் இறங்கிப் பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஊருக்கே குடிநீர் போகும் இடம் அது. சுத்திகரிக்கும் முன் அதுவும் வெறும் ஏரித் தண்ணீர்தான். வேண்டாம்.

விசிறி வாழையைக் கிழித்தால் தண்ணீர் வரும் என்கிறார்களே?

வரும். இலைக்காம்பு அடியில் மழைநீர் தேங்கியிருக்கும், அதனால்தான் வழிப்போக்கர் மரம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. இங்கே ரவனால் என்பார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்து காட்டை ஆக்கிரமித்துக்கொண்ட மரம். ஒரு தடவை கூட வந்தவன் கத்தியால் குத்தினான். வந்தது கொசுப்புழுவும் அழுகிய இலைத்தூளும் மிதக்கும் அரை டம்ளர் கறுப்புத் தண்ணீர். போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த பந்தலுக்கு நடந்தோம்.

தண்ணீரைச் சுத்தப்படுத்த எந்த முறை நல்லது?

கொதிக்க வைப்பதுதான் என் கட்சி. குமிழி பொங்கிப் பொங்கி வரும் நிலையில் ஒரு நிமிஷம். 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிஷம் என்பார்கள். இந்தத் தீவின் மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான், ஆகையால் ஒரு நிமிஷம் எங்கும் போதும். கலங்கலாக இருந்தால் முதலில் வேட்டித் துணியை நாலு மடிப்பாக்கி வடித்துக்கொள்ளுங்கள். இரவு தங்கும் இடத்தில் சின்ன கேஸ் அடுப்பில் தேநீருக்குச் சேர்த்தே கொதிக்க வைத்து மூடி வைத்தால் காலைக்கு ஆறியிருக்கும்.

குளோரின் மாத்திரை லேசானது. அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த அரை மணிதான் யாருக்கும் இருப்பதில்லை! மாத்திரை இல்லாதபோது, வாசனை சேர்க்காத வெறும் ஜவெல் (துணி வெளுக்கும் குளோரின் திரவம்), 5 முதல் 9 சதவீதச் சத்துள்ளது என்று பாட்டிலில் எழுதியிருந்தால், லிட்டருக்கு இரண்டு சொட்டு, கலங்கலென்றால் நாலு சொட்டு, அதே அரை மணி நேரம். எலுமிச்சை மணம், பூ மணம் உள்ளது கண்டிப்பாகக் கூடாது. குளோரினுக்கு அடங்காத கிருமிகளும் சில உண்டு.

0.2 மைக்ரான் அளவுக் கைப்பில்டர் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும். வைரஸைப் பிடிக்காது, களைக்கொல்லியையும் பிடிக்காது.

பிளாஸ்டிக் பாட்டிலை வெயிலில் ஆறு மணி நேரம் வைக்கும் முறையைப் படித்துவிட்டு ஒருவர் ஆசையாகக் கேட்டார். மேட்டு நிலத்தில் பிப்ரவரி மாதம் ஆறு மணி நேரம் விடாமல் வெயில் அடித்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

கூடாரம் எங்கே போடலாம்? அங்கே தண்ணீர் கிடைக்குமா?

கூடாரம் போடும் இடத்தைத் தண்ணீரை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன். கோயில் வளாகம், பைட்கா, பள்ளி மைதானம் எதுவானாலும் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பைட்கா என்பது நம் ஊர் மடம், சாவடி மாதிரி. சிவராத்திரி சமயத்தில் நடப்பவர்களுக்கு இடம் விடுவார்கள். குழாயும் கழிப்பறையும் அங்கேயே இருக்கும். பெத்ரேனைச் சுற்றி இருப்பது தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அதற்குள் போய்க் கூடாரம் அடிக்காதீர்கள். பூங்காவுக்குள் இருட்டில் குழாய் தேடி அலைவதும் வீண்வேலை.

போனதும் முதலில் செய்ய வேண்டியது காலைக்கான தண்ணீரைப் பிடித்து வைப்பது. விடிகாலை நாலு மணிக்கு ஐம்பது பேர் ஒரே குழாயில் நிற்பார்கள். பிடித்து வைத்ததை மூடி வையுங்கள். டெங்கும் சிக்குன்குனியாவும் பார்த்த தீவு இது, திறந்த வாளி கொசுவுக்குத் தொட்டில்.

குரங்குகளும் உண்டு. ஏரிக்கரையில் பழத்துக்கு வரும். ஒரு தடவை என் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறி, மூடியைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது. அந்தப் பாட்டிலை நான் திரும்ப எடுக்கவில்லை.

மழைநீரைப் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். மேட்டில் மழைக்குக் குறைவில்லை. சுத்தமான தார்ப்பாயை நாலு மூலையில் கட்டி நடுவில் தாழ விடுங்கள். முதல் பத்து நிமிஷ மழையைத் தார்ப்பாயைக் கழுவ விட்டுவிட்டு, பிறகு பிடியுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இரண்டுக்கு மூன்று மீட்டர் தார்ப்பாயில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 60 லிட்டர், சிந்தியது போகப் பாதி கிடைத்தாலே குழுவுக்குப் போதும். மரத்தடியில் கட்டாதீர்கள். தகரக் கூரையிலிருந்து வழிவதையும் குடிக்க வைக்காதீர்கள், அங்கே எலியும் பறவையும் ஏற்கெனவே வந்து போயிருக்கும்.

பந்தலில் தரும் ஜூஸ், ஐஸ், ட்ரம் தண்ணீர்?

பெரும்பாலும் நல்லதே. கொடுப்பவர்கள் பக்தியோடு கொடுக்கிறார்கள். பக்திக்கும் ட்ரம்முக்கும் சம்பந்தமில்லை, அதுதான் சங்கடம். ஒரு வருஷம் லாரியில் நீல ட்ரம் வைத்து ஊற்றினார்கள். என் நண்பன் கப்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு எனக்கு நீட்டினான். மெல்லிய மருந்து வாடை, மேலே வானவில் நிறத்தில் படலம். அந்த ட்ரம்மில் முன்பு என்ன இருந்ததோ. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஓரமாகப் போய்க் கீழே ஊற்றினோம், வாடை வருவதை அங்கே இருந்த பெரியவரிடம் மெதுவாகச் சொன்னோம். அவரும் முகர்ந்து பார்த்து உடனே ட்ரம்மை மூடிவிட்டார். முகர்ந்து பாருங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ட்ரம்முக்குள் டம்ளரை விட்டு மொண்டு கொடுக்கும் இடத்தைவிடக் குழாய் வைத்த ட்ரம் நல்லது. ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாவிட்டால் விட்டுவிடலாம்.

உங்கள் கப்பை நீங்களே கொண்டு போங்கள். சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்று இடுப்பில் தொங்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்புகளுக்கு 2021 முதல் இங்கே தடை. காகிதக் கப்பானாலும் ரோட்டோரம் குவிவது குவிவதுதான்.

வெறும் தண்ணீர் போதுமா? உப்பு வேண்டுமா?

வேண்டும். வியர்வையில் உப்பு போகிறது, வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றினால் இரத்தத்தில் உப்பு இறங்கித் தலைசுற்றல், குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். பழனி வழியில் நீர்மோரும் பானகமும் கொடுப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

மொரீஷியஸில் நல்ல வெல்லம் தேடுவது சிரமம், ஆனால் சர்க்கரைத் தீவாயிற்றே, பழுப்புச் சர்க்கரை கிடைக்கிறது. அதில் சுக்குப்பொடி, ஏலம், எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் பானகம்தான். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் கண்ணளவு கூடாது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டி தலைதட்டி. உப்பு கூடினால் கெடுதல்.

விரதம் இருந்துகொண்டு நடக்கிறேன். தண்ணீர் குடிக்கலாமா?

சோறில்லாமல் நடக்கலாம், தண்ணீரில்லாமல் நடக்காதீர்கள். நிர்ஜலமாக இருக்க வேண்டுமென்று வேண்டுதல் இருந்தால் சிவராத்திரி இரவில் ஏரிக்கரையில் உட்கார்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்காரர்கள் இன்னும் கவனம். இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கிறது, ஆக ஒவ்வொரு குழுவிலும் யாராவது இருப்பார். பந்தல் ஜூஸையே தாகத்துக்குக் குடித்துக்கொண்டு போனால் சர்க்கரை ஏறும், தாகம் இன்னும் கூடும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் நடக்கும் நாட்களில் அளவு என்ன என்று முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடிப்பது போதவில்லை. யாராவது மயங்கினாலோ பேச்சுக் குழறினாலோ 114-க்குப் போன் செய்யுங்கள், அதுதான் இங்கே ஆம்புலன்ஸ்.

கங்கா தலாவ் தீர்த்தத்தைக் குடிக்கலாமா?

வருத்தப்பட வேண்டாம், நான் குடிப்பதில்லை. ஏரியில் பூ, பழம், பால், கற்பூரச் சாம்பல் எல்லாம் சேர்கிறது. விலாங்கு மீன்கள் கரைவரை வந்து பழம் தின்னும். லட்சக்கணக்கான கால்கள் படியில் நனைகின்றன. தலையில் தெளித்துக்கொள்கிறேன், கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். இந்த யாத்திரையின் நோக்கமே அந்த நீரை எடுத்துப்போய் ஊர்க் கோயில் லிங்கத்துக்கு அபிஷேகம் செய்வதுதான், நம் வாயில் ஊற்றிக்கொள்வது இல்லை. வீட்டுப் பெரியவர்கள் ஒரு உத்தரணி வேண்டுமென்றால் கொதிக்க வைத்து ஆறியபின் கொடுங்கள்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தீர்த்தச் சொம்பும் குடிநீர்ப் பாட்டிலும் இருட்டில் மாறிப் போகும். எங்கள் குழுவில் ஒருவர் காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தீர்த்தத்தை மடமடவென்று குடித்துவிட்டு, பாட்டில் தண்ணீரைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய் அபிஷேகத்துக்குக் கொடுத்தார். இப்போது தீர்த்தப் பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டுகிறோம்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

திரும்பி விடுங்கள். வகுப்பு ஒன்று முதல் நான்குவரை எச்சரிக்கை ஏறும். இரண்டு வந்தபின் கூடாரத்தில் இருக்கக் கூடாது. 2024 ஜனவரியில் பெலால் புயலன்று போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். ஓடையாக இருந்தது அரை மணியில் ஆறாகும்.

திரும்பி வரும்போது?

பெரும்பாலானவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். அதற்கான வரிசை நீளம், நிழல் கிடையாது. நடையில் கவனமாக இருந்தவர்கள் இந்த வரிசையில்தான் மயங்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன், தரிசனம் முடிந்ததும் பாட்டிலைக் காலி செய்து சுமையைக் குறைத்துவிடுவதால். வரிசையில் நிற்கும் முன் ஒரு லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். நடந்தே திரும்புகிறவர்கள், வரும்போது பார்த்து வைத்த பந்தல்களில் பாதி மறுநாள் பிரித்துவிட்டிருக்கும் என்று தெரிந்தே கிளம்புங்கள். லா மாரி வரை கணக்கு அதேதான், இரண்டு லிட்டர்.